உயிர்களுக்கு ஒரு வேலி

செங்கற்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் ஏரி பெரிதன்று. ஆயினும் அதன் பெயரை நாடு முழுவதும் அறியும். மழைக்காலத்தில் ஏரி நிறைந்ததும், நீரினுள் நிற்கும் மரங்களை நாடி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் ஆயிரக்கணக்கில் வந்து சேருகின்றன, கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அந்நீர் பாயும் வயல்களுக்கு அதுவே எருவாகிறது. பறவைகள் தங்கினால் பயிர் செழிக்கும் என்னும் உண்மையை அவ்வூர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆதலின் ஊரார் எவரும் அப்பறவைகள்மேல் கல்லெறிவதும் இல்லை. கண்ணி வைப்பதும் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வமைதிக்கு இடையூறு நேர்ந்தது. கும்பினியாரின் படைவீரர்கள் துப்பாக்கியோடு ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊராரின் வேண்டுகோள் அவர்கள் செவியில் ஏறவில்லை. உழவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். அவரும் அவர்கள் கூற்றில் உள்ள நியாயத்தை உணர்ந்து, அவ்வேரியில் பறவைகளை எவரும் வேட்டையாடலாகாது என்று 1798 ஆம் ஆண்டில் ஆணை எழுதிக் கொடுத்தார். 1858 ஆம் ஆண்டில் அவ்வாணை புதுப்பிக்கப்பட்டது. எழுத்தறியாத உழவரும் அவ்வாணையைத் தம் நிலத்துக்குரிய பட்டாவைப்போலப் போற்றினர்.

இச்சிறு நிகழ்ச்சியில் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. ஊராரின் அன்பு பறவைகளை நெடுங்காலம் காத்தது. ஆயினும் அவ்வன்புக்குக் கட்டுப்படாத அயலார் வந்தபோது, அன்பு மட்டும் போதவில்லை; எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்று வேண்டியதாயிற்று.

தமிழகத்தில் இயற்கையைப் போற்றிய பெருமக்கள் பலர் வாழ்ந்தனர். முல்லைக்கொடி படரத் தேரை ஈந்தான் பாரி. மயில் குளிரால் நடுங்குமென்று போர்வை அளித்தான் பேகன். ஊர்தோறும் தெய்வத்தின் பெயரால் காப்பாற்றப்பட்ட கோயில்காடுகள் இருந்தன. அங்கே ஒரு கிளையை ஒடிப்பதற்கும் மக்கள் அஞ்சினர். ஆனால் அருள் என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அச்சமோ நம்பிக்கை உள்ளவரையே தடுக்கும். அருளும் நம்பிக்கையும் இல்லாதாரையும் தடுத்து நிறுத்த வல்லது யாது? அதுவே சட்டம். பயிருக்கு உழவன் இடும் வேலி எத்தகையதோ, இயற்கைக்கு நாடு இடும் சட்டம் அத்தகையது. இந்திய நாடு அவ்வேலியை ஒரே நாளில் அமைத்துவிடவில்லை. ஓரிடத்தில் பயிர் அழிந்த பின்னரே அங்கு வேலி எழுந்தது. வேலியில் இடைவெளி தெரிந்தபின் அது அடைக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் சில சட்டங்கள் இருந்தன. காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1873 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1878 ஆம் ஆண்டிலும் 1927 ஆம் ஆண்டிலும் வனச் சட்டங்கள் வந்தன. ஆனால் அவ்வனச் சட்டங்கள் காட்டை முதன்மையாக மரக்கிடங்காகவே கருதின. மரத்தை வெட்டும் உரிமை யாருக்கு, அதற்குச் செலுத்த வேண்டிய தீர்வை எவ்வளவு என்பனவே அவற்றின் பெருங்கவலை. காட்டில் வாழும் விலங்குகளோ வேட்டைப் பொருளாகவே எண்ணப்பட்டன. புலியைக் கொன்றவருக்குப் பரிசு வழங்கிய காலமும் ஒன்று இருந்தது.

அதன் விளைவைச் சிவிங்கிப்புலியின் வரலாறு காட்டும். நிலத்தில் ஓடும் விலங்குகளில் மிகு விரைவுடையது அது. ஒரு காலத்தில் இந்தியாவின் புல்வெளிகளில் அது திரிந்தது. அரசர்கள் அதனைப் பிடித்துப் பழக்கி, மான் வேட்டைக்குப் பயன்படுத்தினர். வேட்டையாலும் புல்வெளிகள் அருகியதாலும் அதன் எண்ணிக்கை குன்றியது. 1947 ஆம் ஆண்டையொட்டி, இன்றைய சத்தீசுகர் மாநிலத்தைச் சேர்ந்த கொரியா என்னும் இடத்தில் மூன்று சிவிங்கிப்புலிகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவற்றிற்குப் பின் உறுதியான சான்றோடு வேறொன்றும் காணப்படவில்லை. 1952 ஆம் ஆண்டில் அவ்வினம் இந்தியாவில் அழிந்துவிட்டதென்று அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் வானூர்தியில் கொண்டுவரப்பட்டு, மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விடப்பட்டன. இருந்ததைக் காப்பதைவிட இழந்ததை மீட்பது எத்துணை அரியது என்பதற்கு இது சான்றாகும்.

சிவிங்கிப்புலிக்கு நேர்ந்த கதியே புலிக்கும் நேரும் என்ற அச்சம் பின்னர் எழுந்தது. 1972 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, நாடு முழுவதிலும் 1,827 புலிகளே எஞ்சியிருந்தன. அதே ஆண்டில் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் மானிடச் சூழலைப் பற்றி ஐக்கிய நாடுகள் அவை ஒரு மாநாடு கூட்டிற்று. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அதிற் கலந்துகொண்டார். அந்நாளில் வன உயிர்கள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன. மாநிலச் சட்டமன்றங்கள் பல தீர்மானம் இயற்றி வேண்டிக்கொண்டதன்மேல், நாடாளுமன்றம் 1972 ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது.

அச்சட்டம் விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் நிலைமைக்கேற்பப் பட்டியல்களாக வகுத்தது. மிகவும் அரியன முதற்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைக் கொன்றவர் இன்று மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை பெறுவர். தோல், தந்தம், கொம்பு ஆகியவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றமாயின. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் அமைக்க வழி பிறந்தது. மனித உயிருக்குத் தீங்கு நேரும் நிலையில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஆணை பெற்று ஒரு விலங்கைக் கொல்லலாம். 1973 ஆம் ஆண்டில் புலிகளுக்கென்றே ஒரு திட்டம் ஒன்பது காப்பகங்களோடு தொடங்கப்பெற்றது.

சட்டம் இயற்றிவிட்டால் காவல் தானே நடக்கும் என்று எண்ணுவது தவறு. இராசத்தான் மாநிலத்தில் சரிஸ்கா என்னும் புலிகள் காப்பகம் உண்டு. அங்கே காவலர் இருந்தனர், பதிவேடுகள் இருந்தன, பதிவேடுகளில் புலிகளும் இருந்தன. ஆனால் 2005 ஆம் ஆண்டில் காட்டைத் தேடிப் பார்த்தபோது ஒரு புலியேனும் இல்லை. திருட்டு வேட்டைக்காரர் அனைத்தையும் கொன்று தீர்த்திருந்தனர். அச்செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. 2006 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அடிச்சுவட்டை நோக்கிக் கணக்கிடும் பழைய முறை கைவிடப்பட்டது. காட்டில் தானாகப் படமெடுக்கும் கருவிகளைப் பொருத்தி, ஒவ்வொரு புலியையும் அதன் வரிகளைக்கொண்டு அடையாளம் காணும் முறை வந்தது. 2006 ஆம் ஆண்டுக் கணக்கில் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள், 2022 ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 3,682 என மதிப்பிடப்பட்டன.

வேட்டையைத் தடுத்தால் மட்டும் உயிரினம் பிழைத்துவிடுமா? இவ்வினாவுக்குப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் விடை கூறும். இறந்த மாடுகளை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பறவை அது. அதனை வேட்டையாடுவார் எவரும் இலர். சட்டத்தின் காவலும் அதற்கு இருந்தது. இருந்தும் 1990 ஆம் ஆண்டுகளில் அது திடீரென மறையத் தொடங்கியது. 2007 ஆம் ஆண்டு அளவில், வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவில்தான் எஞ்சியது. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. மாடுகளின் வலியைப் போக்க ஊசி வழியாக ஏற்றப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அம்மருந்து ஏற்றப்பட்ட மாடு இறந்தால், அதன் இறைச்சியை உண்ட பாறுகளின் சிறுநீரகம் பழுதுற்று அவை சில நாளில் மாண்டன.

இங்கே வேட்டைத் தடைச் சட்டத்தால் ஆவது ஒன்றுமில்லை. மருந்துச் சட்டமே துணைசெய்ய வேண்டியதாயிற்று. 2006 ஆம் ஆண்டில், கால்நடைகளுக்கென அம்மருந்தை உருவாக்குவது தடைசெய்யப்பட்டது. ஆயினும் மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய புட்டிகளை வாங்கி மாடுகளுக்குச் செலுத்தும் வழக்கம் நீடித்தது. ஆதலின் 2015 ஆம் ஆண்டில் புட்டியின் அளவே மூன்று மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. இன்று தமிழகத்தில் நீலகிரியின் அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன. மாட்டுத்தொழுவத்தில் நடப்பது வானத்துப் பறவையின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை இவ்வரலாறு கற்பித்தது.

ஓர் உயிர் தனித்து வாழ்வதில்லை. அதற்குக் காடு வேண்டும், நீர் வேண்டும், தூய காற்று வேண்டும். இவ்வுண்மை அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. 1976 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் இரண்டு உறுப்புகள் சேர்க்கப்பட்டன. சுற்றுச்சூழலையும் காடுகளையும் வன உயிர்களையும் காப்பதற்கு அரசு முயலவேண்டும் என்பது 48அ உறுப்பு. இயற்கையைக் காப்பதும் உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதும் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்பது 51அ உறுப்பின் ஒரு கூறு. காடுகளும் வன உயிர்களும் மாநிலங்களுக்கும் நடுவணரசுக்கும் பொதுவான பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

அதன் பயனாக 1980 ஆம் ஆண்டில் வனப் பாதுகாப்புச் சட்டம் எழுந்தது. நடுவணரசின் முன் ஒப்புதலின்றிக் காட்டு நிலத்தை வேறு பணிகளுக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். ஆனால் காடு எது என்னும் வினா எஞ்சி நின்றது. அரசாங்கப் பதிவேட்டில் காடென்று எழுதப்பட்டது மட்டும் காடா? நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்னும் பெரியவர், நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு வருந்தி, 1995 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அகராதி எதனைக் காடென்று கூறுமோ அதுவெல்லாம் காடே. நிலம் யாருடையதாயினும் சட்டம் அதனைக் காக்கும் என்று நீதிபதிகள் உரைத்தனர். கூடலூர்க் காட்டைக் குறித்து ஒருவர் தொடுத்த வழக்கு நாடு முழுவதன் காடுகளுக்கும் அரணாயிற்று. அவர் 2016 ஆம் ஆண்டில் மறைந்தார். வழக்கோ அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. 2023 ஆம் ஆண்டில் 1980 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு அதன் பெயரும் மாறியது. எந்நிலங்களுக்குச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வி மீண்டும் எழுந்தபோது, வழக்கு முடியும் வரை அகராதிப் பொருளையே பின்பற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால ஆணையிட்டது.

காட்டுக்கு வேலி எழுந்த அதே காலத்தில் நீருக்கும் காற்றுக்கும் வேலிகள் எழுந்தன. நீர் மாசினைத் தடுக்கும் சட்டம் 1974 ஆம் ஆண்டிலும், காற்று மாசினைத் தடுக்கும் சட்டம் 1981 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. ஆயினும் 1984 ஆம் ஆண்டு டிசம்பர் இரண்டாம் நாள் நள்ளிரவில், போபால் நகரத்துப் பூச்சிமருந்துத் தொழிற்சாலையினின்றும் நச்சு வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். எஞ்சியோர் பலர் கண்ணும் நுரையீரலும் பழுதுற்று வாழ்நாளெல்லாம் வருந்தினர். அக்கொடுமை, இருந்த சட்டங்களின் போதாமையை வெளிப்படுத்தியது. 1986 ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீர், காற்று, நிலம் ஆகிய மூன்றையும் அவற்றுள் வாழும் உயிர்களையும் ஒருசேரச் சூழல் என்று கொண்டது இச்சட்டம். மாசின் அளவுக்கு வரம்பு விதிக்கவும், வரம்பு மீறிய ஆலையை மூடவும், அதற்குரிய மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் நடுவணரசு அதிகாரம் பெற்றது.

இச்சட்டத்தின் வலிமை பாலாற்றங்கரையில் சோதிக்கப்பட்டது. வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் நெடுநாளாக நடந்துவருகிறது. பல்லாயிரவர்க்கு அது வாழ்வளிக்கிறது. வெளிநாட்டுச் செல்வத்தையும் ஈட்டித் தருகிறது. ஆனால் தோலைப் பதப்படுத்திய நச்சுநீர் தூய்மை செய்யப்படாமல் வெளியேறி, ஆற்றிலும் வயலிலும் கலந்தது. கிணற்று நீர் குடிக்கத் தகாததாயிற்று. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம், சிறிதளவேனும் முழுதுமேனும் பயிருக்குத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வுச் செய்தி நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் நலச் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு இரண்டு நெறிகளை நாட்டின் சட்டமாக நிலைநாட்டியது. தீங்கு நேரும் என்பதற்கு முழுச்சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்கவேண்டும் என்பது ஒன்று. மாசு செய்தவரே பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. தொழில் வேண்டாமென்று நீதிமன்றம் கூறவில்லை. உழவனின் கிணற்றைக் கெடுத்துத் தொழில் வளரலாகாது என்றே கூறிற்று. இத்தகைய வழக்குகளை விரைந்து முடிப்பதற்கென 2010 ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இயற்றப்பட்டது. அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. சூழல் கெட்டதால் பாதிக்கப்பட்டவர் அங்கே முறையிடலாம்.

விலங்கு, காடு, நீர், காற்று என விரிந்த காவல், இறுதியில் எல்லா உயிர்களின் பன்மையையும் தழுவிக்கொண்டது. பல்லுயிர் என்பது உயிரினங்களின் எண்ணிக்கையை மட்டும் குறிக்கும் சொல்லன்று. ஓரினத்துக்குள் காணும் வேறுபாடுகளும் அதனுள் அடங்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் எனத் தமிழகத்தில் வழங்கும் நெல்வகைகள் இதற்குச் சான்று. வெள்ளத்தைத் தாங்குவது ஒன்று. வறட்சியைத் தாங்குவது மற்றொன்று. ஒரு வகை அழிந்தால், அதனிடம் இருந்த ஆற்றலும் அதனோடு அழியும். அதனைப் பயிரிட்ட உழவரின் அறிவும் மறையும்.

அவ்வறிவு மறைவதோடு களவு போவதும் உண்டு. புண்ணின்மேல் மஞ்சளை அரைத்துப் பூசும் வழக்கத்தை இந்தியத் தாய்மார் அனைவரும் அறிவர். ஆனால் 1995 ஆம் ஆண்டில், மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளைத் திரட்டி வழக்காடிற்று. இது புதிய கண்டுபிடிப்பன்று என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 1997 ஆம் ஆண்டில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

1992 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் கூடிய உலக நாடுகள், பல்லுயிர் பற்றிய உடன்படிக்கை ஒன்றை வகுத்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் உயிர்வளத்தின்மேல் உரிமை உண்டு. அவ்வளத்தால் விளையும் பயனை அதனைக் காத்தவரோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பன அதன் கொள்கைகள். அதற்கிணங்க, இந்திய நாடாளுமன்றம் 2002 ஆம் ஆண்டில் பல்லுயிர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. சென்னையில் தேசியப் பல்லுயிர் ஆணையமும், மாநிலந்தோறும் ஒரு வாரியமும், ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழுவும் அமைய அது வழிசெய்தது. ஊரில் உள்ள செடி, கொடி, மரம், மீன், கால்நடை, விதை, மருத்துவ அறிவு ஆகியவற்றை ஊராரைக்கொண்டே எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அக்குழுவின் முதற்பணி. வெளிநாட்டார் இந்நாட்டு உயிர்வளத்தை ஆராய்ச்சிக்கோ வாணிகத்துக்கோ கொள்ள விரும்பினால் ஆணையத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்திலிருந்த சிறைத் தண்டனையை நீக்கிப் பணத் தண்டனையை வைத்தது.

பயனைப் பகிர்வது எவ்வாறு என்பதற்கு ஒரு முன்மாதிரி, சட்டம் பிறப்பதற்கு முன்னரே பொதிகை மலைத்தொடரில் தோன்றியிருந்தது. 1987 ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் சிலர் காணி இன மக்களை வழித்துணையாகக் கொண்டு அம்மலையில் ஆய்வு செய்தனர். அறிஞர்கள் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிகளோ சிறு கனிகளைத் தின்று ஊக்கத்தோடு நடந்தனர். அக்கனியைத் தந்த செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்தைச் சார்ந்த தாவர ஆராய்ச்சி நிலையம் ஒரு மருந்தை உருவாக்கி, அதனைச் செய்யும் உரிமையை 1995 ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் அளித்தது. அவ்வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்கென 1997 ஆம் ஆண்டில் அவர்கள் ஓர் அறக்கட்டளையை நிறுவினர்.

காட்டைக் காப்போர் பலர், காட்டில் வாழும் மக்களைக் காட்டுக்குப் பகைவராக எண்ணியதும் உண்டு. பழைய வனச் சட்டங்களால் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் தம் மண்ணிலேயே அத்துமீறியோர் ஆயினர். இக்குறையைத் தீர்க்க 2006 ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் எழுந்தது. உழுது வந்த நிலத்தின்மேலும், தேன், கிழங்கு போன்ற சிறு விளைபொருள்களின்மேலும் அவர்கள் உரிமையை அது ஏற்றது. தம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்தது. ஒடிசா மாநிலத்தின் நியமகிரி மலையில் அலுமினியக் கனிமம் தோண்டும் திட்டம் வந்தபோது, அதனைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூறட்டும் என்று 2013 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடிற்று. பன்னிரண்டும் வேண்டாமென்று கூறின.

தமிழகத்திலும் அத்தகைய வேளை ஒன்று வந்தது. மதுரை மாவட்டத்து மேலூருக்கு அருகில் அரிட்டாபட்டி என்னும் ஊர் உள்ளது. குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில் சுனைகளும் ஏரிகளும் பல. பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டும். தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும் அங்கே உலவும். ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழைமையுடைய தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் அக்குன்றுகளில் உண்டு. பல்லுயிர்ச் சட்டத்தின்படி, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 எக்டேர்ப் பரப்பைத் தமிழக அரசாங்கம் 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதல் இடம் அதுவே.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பரில், அவ்வூரை உள்ளடக்கிய 2,000 எக்டேருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் டங்ஸ்டன் என்னும் கனிமத்தைத் தோண்டுவதற்கான ஏலம் முடிந்த செய்தி பரவிற்று. சுற்றுவட்டாரத்து ஊர்கள் கலங்கின. குன்று போனால் சுனை போகும். சுனை போனால் ஏரி போகும். ஏரி போனால் வயல் போகும் என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்குத் திரண்டு சென்றனர். சனவரி 23 அன்று நடுவணரசு அவ்வேலத்தை நீக்குவதாக அறிவித்தது. அவ்விடத்தின் பல்லுயிர் மரபுச் சிறப்பு அவ்வறிவிப்பில் எடுத்துக் கூறப்பட்டது.

சட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. ஆயினும் ஏலம் நடந்தது. மக்கள் எழுந்து நின்றபோதுதான் அச்சட்டத்துக்கு உயிர் வந்தது. மக்கள் மட்டும் எழுந்து, கையில் சட்டம் இல்லாதிருந்தால், அவர்கள் குரல் வெறும் முறையீடாகவே நின்றிருத்தல் கூடும். வேலி சாய்ந்தால் நிமிர்த்தக் கை வேண்டும். கைகள் எல்லா இடத்திலும் எந்நேரமும் நிற்கமாட்டாவாதலின் வேலியும் வேண்டும். சரிஸ்காவில் வேலி இருந்தது, விழித்திருக்கும் கண் இல்லை. வேடந்தாங்கலில் விழித்த கண்கள் இருந்தன, வேலி பின்னர் வந்தது. இரண்டும் பொருந்திய இடத்திலேயே உயிர்கள் பிழைத்தன.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. அதனை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளி நாளில் வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் பறவைகள் அஞ்சுமே என்பதே காரணம். வெடியாதீர் என்று அவ்வூர்ச் சிறுவர்களுக்குக் காவலர் எவரும் ஆணையிடவில்லை. ஊரெங்கும் வானம் ஒளிரும் அவ்விரவில் அவர்கள் தம் மகிழ்ச்சியில் ஒரு பகுதியைப் பறவைகளுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். உயிர்களிடத்து இரக்கம் காட்டுக என்று அரசியலமைப்பு எழுதி வைத்த கடமை, அச்சிறுவர்களின் கைகளில் நிறைவேறுகிறது.